அது ரோமியோ ஜூலியட் அல்ல

கோபுரப் படிக்கட்டில் ஒரு வீரன் பெண்ணின் கையை அணைத்து முத்தமிடும் ஓவியத்தை 'ரோமியோ ஜூலியட் கடைசியாகப் பிரியும் காட்சி' என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள். பிரிவு என்பது சரி, ஆட்கள்தான் வேறு.

இது அயர்லாந்து ஓவியர் ஃபிரெடெரிக் வில்லியம் பர்ட்டன் 1864-இல் வரைந்தது. அந்த இருவர் ஹெலெலில், ஹில்டிபிராண்ட். பழைய டேனிஷ் கதைப்பாடல் ஒன்றில் வருபவர்கள். ஹெலெலில் இளவரசி, ஹில்டிபிராண்ட் அவளுடைய பன்னிரண்டு மெய்க்காவலர்களில் ஒருவன். காதல் தெரிந்ததும் அவனைக் கொல்லத் தன் ஏழு மகன்களை அனுப்புகிறார் அவளுடைய அப்பா. அந்தச் சண்டைக்கு முன் நடக்கும் சந்திப்பாகத்தான் பர்ட்டன் இதைக் கற்பனை செய்தார்.

சரிபார்ப்பது சுலபம். படத்தைப் பதிவிறக்கி கூகுள் பட தேடலில் போடுங்கள்; டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தின் பக்கம் வரும். தலைப்பிலேயே இருவர் பெயரும் இருக்கிறது. தேடப் பொறுமை இல்லையென்றால் அவன் உடையைப் பாருங்கள். சங்கிலிக் கவசம்! வெரோனா நகரத்து இளைஞன் ரோமியோ, மனைவி ஜூலியட்டின் அறையிலிருந்து விடியற்காலையில் கிளம்பும்போது போட்டுக்கொள்ளும் உடையா அது?

குழப்பம் வருவதில் வியப்பில்லை. எனக்கும் முதலில் ஜூலியட்தான் நினைவுக்கு வந்தாள். ஆனால் கதை தெரிந்த பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் அவள் திரும்பி நிற்பது வேறு மாதிரி கனக்கிறது.