பச்சைப் புள்ளி இருந்தால் போதுமா?

மும்பை மாட்டுங்காவில் எந்தக் கடைக்குப் போனாலும் இதே கதைதான். என் மகளுக்குப் பால் ஒவ்வாமை, பால் சேர்க்காத பிஸ்கெட் இருக்கிறதா என்று கேட்டால், கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிப் பச்சைப் புள்ளியைக் காட்டி, "சுத்த சைவம்மா, தைரியமா வாங்குங்க" என்கிறார். சைவம் என்றால் பால் இல்லை என்று அர்த்தமா? நம் நாட்டு விதிப்படி பால், நெய், தேன் எதைச் சேர்த்தாலும் அந்தப் புள்ளிதான். பால், தேன் உட்பட விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதுவும் சேராத வீகன் உணவுக்குத் தனி முத்திரை 2022-லேயே வந்துவிட்டது, ஆனால் எங்கள் தெருக் கடைகளில் அது போட்ட ஒரு பிஸ்கெட்டை நான் பார்த்ததில்லை. சரி, நாமே படித்துக்கொள்வோம் என்றால் எறும்பு மாதிரி எழுத்து, அதுவும் ஒட்டிய மடிப்புக்குள்ளே. வே பவுடர், கேசினேட் என்றெல்லாம் இருந்தால் அதுவும் பாலிலிருந்து வந்ததுதான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கோதுமை ஆகாதவர்கள் பாடு இன்னும் மோசம், முன்பக்கம் ராகி என்று கொட்டை எழுத்தில் இருக்கும், பின்னால் பார்த்தால் மைதாவோ கோதுமை மாவோ இருக்கும்.

போன வாரம், பழகிய பாக்கெட்தானே என்று படிக்காமல் கொடுத்துவிட்டேன். பொருட்பட்டியலை மாற்றியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் தடிப்போடு பிள்ளை இரவு முழுக்கத் தூங்கவில்லை. பால் இருக்கிறது என்பதை முன்பக்கத்திலேயே பெரிதாகப் போட்டால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?