மாத்திரை அட்டையில் லேடக்ஸ்: ரப்பர் ஒவ்வாமை வருமா?

“மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக்கில் லேடக்ஸ் பூசுகிறார்கள், ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. பாதி உண்மை, முடிவு தவறு.

எல்லா அட்டையிலும் இல்லாவிட்டாலும், பலவற்றில் லேடக்ஸ் பூசுவது நிஜம்தான். ஆனால் அது ரப்பர் மரத்துப் பால் அல்ல. வினைலிடீன் குளோரைடு என்ற வேதிப்பொருளுடன் மெத்தில் அக்ரிலேட் போன்ற இன்னொன்றைச் சேர்த்துத் தண்ணீரிலேயே உருவாக்கும் பாலிமர் (நீண்ட மூலக்கூறுச் சங்கிலி) துகள்கள் அவை. ஒவ்வொரு துகளும் தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்குதான். துகள்கள் மிதக்கும் அந்தத் தண்ணீர் பார்க்கப் பால் போல இருப்பதால் ‘லேடக்ஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ரப்பர் ஒவ்வாமையைத் தூண்டுவது மரப்பாலில் உள்ள புரதங்கள். இதில் அவை கிடையாது.

சரி, எதற்குப் பூச வேண்டும்? வெறும் பி.வி.சி. தாள் ஈரத்தை மெல்ல உள்ளே விடும். சதுர மீட்டருக்கு 40 கிராம், 60 கிராம் என்ற அளவில் இந்தப் பூச்சு ஏறி, சூடான காற்றில் உலரும்போது தண்ணீர் போய், துகள்கள் இணைந்து ஒரே படலமாகின்றன. மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கியடித்து அமர்வதால் நீராவி, ஆக்ஸிஜன் இரண்டுக்குமே வழி வெகுவாகக் குறுகிவிடுகிறது.

அதனால் தயவுசெய்து, பயந்துபோய் மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். ஈரம் பட்டால் கெடும் மருந்துக்குத்தான் இந்தக் காவலே. ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை ரப்பர் கையுறையும் சில ஊசிமருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடியும்.

அப்புறம், காலி அட்டையை எரிக்க வேண்டாம். அதிலுள்ள குளோரின் காரணமாக மூச்சை உறுத்தும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும்.