புது பேட்டரியைக் கொன்றது நானா?

ஐந்து மாதம். புதிதாக வாங்கிப் போட்ட கார் பேட்டரி எனக்கு உழைத்தது அவ்வளவுதான். போன வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு அம்மாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக வேண்டும். ரங்கூன் மழை, கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக்கென்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்குகிறது, அவ்வளவுதான். எழுபத்து நாலு வயது அம்மா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ஈரத்தில் நிற்கிறார். அந்த நேரத்தில் டாக்ஸி கிடைக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. வரிசை தவறிப்போய், காலை எட்டு மணிக்கு முடிய வேண்டிய ஆபரேஷன் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் முடிந்தது.

சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வாங்கின கடைக்கே போனேன். அங்கே கேட்ட பேச்சுதான் இன்னும் நெஞ்சில் எரிகிறது.

"தம்பி, பேட்டரி நல்ல பேட்டரிதான். நீங்க பராமரிக்கல. இதுக்கு வாரண்டி வராது."

பராமரிக்கவில்லையா? நானா? பதினைந்து நாளுக்கு ஒரு முறை பானட்டைத் திறந்து ஆறு மூடியையும் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கிறவன் நான். தகடு மூழ்கியிருக்கிறதா, மேல்கோட்டுக்கு வந்திருக்கிறதா என்று பார்த்து, குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுவேன். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால் சுடுதண்ணீரில் சோடா மாவைக் கரைத்துத் தேய்த்துக் கழுவி, துடைத்து, வாசலின் பூசுவேன். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். இதெல்லாம் பஸ் ஓட்டின எங்கள் சித்தப்பா, பன்னிரண்டு வயதில் என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தது. ஆசிட்டின் அடர்த்தியை அளந்து சார்ஜ் எவ்வளவு என்று காட்டுகிற, அவர் வைத்திருந்த ஹைட்ரோமீட்டர் இன்னும் என்னிடம் இருக்கிறது, பழைய லுங்கித் துணியில் சுற்றி.

பேட்டரி வாங்கின நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். மார்ச் கடைசி, தார் உருகுகிற வெயில். அடுக்கில் இருந்து ஒரு பெட்டியை எடுத்து, தூசியைத் துடைத்து, சீலை உடைத்தார்கள். உள்ளே ஆசிட் இல்லை. காய்ந்த நிலையில் வருகிற வகை அது, கடையில்தான் ஆசிட் ஊற்றி முதல் சார்ஜ் ஏற்ற வேண்டும். பையன் ஒருவன் பிளாஸ்டிக் கேனிலிருந்து ஆறு அறையிலும் மடமடவென்று ஊற்றினான். ஊற்றினதும் தகடு ஆசிட்டைக் குடிக்கும், பேட்டரி சூடாகும், மட்டம் கொஞ்சம் இறங்கும். குறைந்தது அரை மணி நேரம் சும்மா விட்டு, ஆறவைத்து, மட்டம் பார்த்து, அப்புறம்தான் சார்ஜில் போட வேண்டும். இவன் ஐந்து நிமிஷம்கூட விடவில்லை, கிளிப்பை மாட்டிவிட்டான்.

எவ்வளவு ஆம்பியரில் என்று எட்டிப் பார்த்தேன். சார்ஜர் முள் இருபதில் நிற்கிறது! என்னுடையது ஜப்பான் கணக்கில் 46B24L. அந்த 46ஐப் பார்த்து 46 ஆம்பியர் ஹவர், அதாவது எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்கிற கொள்ளளவு, என்று நினைக்கிற கடைக்காரர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அது திறனைக் குறிக்கிற எண், கொள்ளளவு அல்ல. B என்பது அகலமும் உயரமும், 24 என்பது நீளம் சென்டிமீட்டரில், L என்பது டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. ஐந்து மணி நேரக் கணக்கில் அதன் கொள்ளளவு 36 ஆம்பியர் ஹவர்தான். பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்று என்பது பேட்டரி தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மூன்றரை, நாலு ஆம்பியரில் நிதானமாக ஏற்ற வேண்டியதை இருபதில் ஏற்றினால் என்ன ஆகும்? ஆசிட் பொங்கியது. என் கண் முன்னால், ஆறு வாயிலும் சோற்றுக் கஞ்சி மாதிரி நுரைத்துக் கொதித்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் இருமல். ஆசிட் ஆவியோடு சேர்ந்து வருவது ஹைட்ரஜன் வாயு, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். இரண்டு முழத் தூரத்தில் ஒருவர் சிகரெட்டோடு நிற்கிறார்.

"மெதுவா ஏத்துங்க, நான் சாயந்திரம் வந்து எடுத்துக்கறேன்" என்றேன். "மூணு மணிக்குக் கரண்ட் போயிடும் அண்ணே, ஜெனரேட்டர்ல ஓட்டறதுன்னா டீசல் யாரு கொடுப்பா?" என்றான் பையன். அங்கே நின்ற பர்மாக்கார மெக்கானிக் "யா பா தே" என்று சொல்லித் தோளைத் தட்டினார். பரவாயில்லையாம். ஒரு மணி நேரத்தில் பேட்டரி என் காரில். அட்டையில் தேதி, முத்திரை, ஒரு வருஷ வாரண்டி.

அன்றைக்குச் சாயந்திரமே வீட்டில் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். நன்றாக ஏறின பேட்டரியில் 1.26, 1.28 காட்ட வேண்டும். ஐந்து அறையில் மிதவை 1.22க்குப் பக்கத்தில் நின்றது. ஆறாவது அறையில் 1.19. மேலே பொங்கினதைப் பார்த்து ஏறிவிட்டது என்று இறக்கியிருக்கிறார்கள், தகட்டுக்குள்ளே முழுசாக இறங்கவில்லை. அடுத்த நாளே போன் பண்ணிச் சொன்னேன். "ஓட்டுங்க தம்பி, ஓட ஓட ஏறிடும்" என்றார்கள்.

ஓட ஓட ஏறிடும்! இந்த ஒரு வார்த்தையால் எத்தனை பேட்டரி செத்திருக்கும்! எஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் சொச்சம் கொடுக்கும், உண்மைதான். ஸ்டார்ட் பண்ணும்போது போனதைத் திருப்பிப் போடத்தான் அது. அரைகுறையாக வந்த பேட்டரியை முழுசாக நிரப்ப வேண்டுமென்றால் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட வேண்டும். ரங்கூனில் எங்கே ஓடுகிறது? சூலே பகோடாவைச் சுற்றிக் கடப்பதற்குள் அரை மணி நேரம், ஏசி, வைப்பர், ஹெட்லைட் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, எஞ்சின் மட்டும் ஐடிலில் முனகிக்கொண்டு. அந்த நிலையில் பேட்டரிக்குப் போய்ச் சேருவது சொற்பம். 12.4 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் என்கிற ஈய உப்பு கெட்டிப்படும். கெட்டிப்பட்டது சார்ஜில் போட்டாலும் லேசில் கரையாது.

நான் என்னதான் செய்திருக்க முடியும்? வீட்டுச் சார்ஜரில் நாலு ஆம்பியரில் பத்து மணி நேரம் போட வேண்டும். எங்கள் தெருவில் கரண்ட் நாலு மணி நேரம் வந்தால் எட்டு மணி நேரம் இல்லை. வருகிற நாலு மணி நேரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடணும், சோறு பொங்கணும், போன் சார்ஜ் ஏறணும். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்துபோய்ச் சார்ஜர் கிளிப்பை மாட்டி, ஐந்து மணிக்கு எழுந்து கழற்றியிருக்கிறேன், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. ஐந்து அறை ஏறி வந்தது. அந்த ஆறாவது அறை கடைசிவரை ஏறவே இல்லை.

இதையெல்லாம் நான் கடைக்காரரிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி: "வீட்ல லைட், பேன் போட்டீங்களா இதுல?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். இங்கே பாதிப் பேர் கார் பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய் இன்வெர்ட்டரில் மாட்டுகிறார்கள். கார் பேட்டரியின் தகடு மெல்லிசு. சில வினாடி பலமாக இழுத்து எஞ்சினைக் கிளப்பத்தான் அது. ராத்திரி முழுக்க பேன் ஓட்டி அடியோடு வடித்தால் சில மாதத்தில் போய்விடும். வீட்டுக்கு வேண்டியது தடித்த தகடு கொண்ட வேறு வகை. ஆனால் நான் போடவில்லை என்று சத்தியம் செய்தேன். அம்மா புழுக்கத்தில் விசிறியால் விசிறிக்கொண்டு கிடந்த ராத்திரிகளில்கூட அந்தப் பேட்டரியைத் தொடவில்லை. அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மூடியைத் திறந்து பார்த்து, "கிணத்துத் தண்ணி ஊத்தியிருக்கீங்க" என்றார். கிணற்றுத் தண்ணீரில் இரும்பும் உப்பும் இருக்கும், தகட்டை அரிக்கும், அது எனக்குத் தெரியாதா? வாங்கின டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலைக் காரிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அதற்கும் பதில் இல்லை.

ஹைட்ரோமீட்டரை அவர் மேஜைமேல் வைத்தேன். "அண்ணே, நீங்களே பாருங்க. அஞ்சு அறை 1.24, ஒரு அறை 1.12. பராமரிப்பு சரியில்லைன்னா ஆறும் சேர்ந்துதானே கெடணும்? ஒண்ணு மட்டும் எப்படிக் கெடும்?" அதிக ஆம்பியரில் காய்ச்சினால் தகடு கோணும், மேலே இருக்கிற பசை உதிர்ந்து அடியில் சேறாகப் படியும், அந்தச் சேறு தகட்டுக்கும் தகட்டுக்கும் பாலம் போட்டால் அறை செத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஆசிட் அந்த ஒரு அறையில் மட்டும் காப்பித் தண்ணீர் மாதிரிக் கலங்கியிருக்கிறது. அவரும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு மூடியைத் திருகி மூடினார். "கம்பெனி ஒத்துக்காது தம்பி. பழசைக் கொடுத்தா ஈயத்துக்கு உண்டான காசைக் கழிச்சுக்கறேன், புதுசு எடுத்துக்கோங்க."

அவரும் தமிழர்தான். கடைச் சுவரில் முருகன் படம், காலையில் போட்ட பூமாலை வாடாமல் இருக்கிறது. நாலு மணி நேரம் பொறுமையாகச் சார்ஜ் ஏற்ற மனமில்லாத கடை, ஐந்து மாதம் ராத்தூக்கம் கெட்டுப் பார்த்துக்கொண்டவனைப் பார்த்துப் பராமரிக்கவில்லை என்கிறது. பணம் போனது ஒரு மாத வீட்டுச் செலவு. என் கைமேல் பழி போட்டதை எப்படி விழுங்குவது?

பழைய பேட்டரியை நான் கொடுக்கவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், பால்கனியில் இருக்கிறது. இப்போது காரில் இருப்பது எதிர்வீட்டு அண்ணன் இரவல் கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை வேறு கடைக்குப் போகிறேன். தயாரித்த தேதி பார்த்து, என் கண் முன்னால் ஆசிட் ஊற்றச் சொல்லி, அரை மணி நேரம் ஆறவைத்து, நாலு ஆம்பியருக்கு மேல் முள் ஏறாமல் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்காரப்போகிறேன். கரண்ட் போனால் டீசல் காசு நானே கொடுக்கிறேன். ஆறு அறையும் 1.26 காட்டின பிறகுதான் காசை எண்ணி வைப்பேன். சித்தப்பாவின் ஹைட்ரோமீட்டரைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.