சார், பாப்பா என்ன குரூப்?

பொறியியல் கல்லூரிகளுக்கு ஆள் பிடிப்பவர்களிடமிருந்து நேற்று மட்டும் பதினான்கு அழைப்புகள். கோபத்தில் கூட்டிச் சொல்லவில்லை, எண்ணித்தான் சொல்கிறேன். கடைசியாக வந்தது இரவு ஒன்பதே காலுக்கு, தோசையைப் பிய்த்து வாயில் வைக்கும் நேரம். "வணக்கம் சார், பாப்பாவோட அப்பாதானே பேசுறீங்க? பாப்பா என்ன குரூப் சார்? கட் ஆஃப் எவ்வளவு வருது சார்?"

பாப்பாவாம். இவர் யாரென்றே எனக்குத் தெரியாது. என் பிள்ளையின் பெயர், பள்ளி, குரூப் எல்லாம் இவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு என் மகள் வீட்டுக்கு வந்து பையை மூலையில் வீசிய அன்றே இது தொடங்கிவிட்டது. ரிசல்ட் வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அதற்குள்ளேயே "எக்ஸ்பெக்டட் கட் ஆஃப்" கேட்டார்கள். பரீட்சை எழுதிய பிள்ளையே பயந்துபோய் வினாத்தாளைத் திறந்து பார்க்காமல் இருக்கிறது, இவர்களுக்கு எதிர்பார்ப்பு மதிப்பெண் வேண்டுமாம். மே மாதம் ரிசல்ட் வந்தது. 600க்கு 545. அந்தச் சந்தோஷத்தை ஊரிலிருக்கும் என் மாமியாருக்குச் சொல்ல ஃபோனை எடுத்தால், அதற்கு முன்னால் ஒருவர் லைனில் வந்து "கங்கிராட்ஸ் சார், 545 நல்ல மார்க்" என்கிறார். என் மாமியாருக்கு முன்னால்!

சரி, என் நம்பர் போனது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன். மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி என்று போட்டிருந்தார்கள், போனோம். ஒரு துணிப்பை, ஒரு பேனா, இரண்டு கிலோ வழவழத் தாள் கொடுத்தார்கள். பதிலுக்கு நம்பர் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் என் மனைவியின் நம்பருக்கும் தினமும் வருகிறதே, அது எப்படி? அந்த நம்பரை நாங்கள் எழுதிக் கொடுத்தது ஒரே ஓரிடத்தில்தான். ஆறாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளிக்கூட அட்மிஷன் ஃபாரத்தில். போய்க் கேட்டேன். "எங்களுக்கு எதுவும் தெரியாது சார்" என்று சொன்ன அலுவலக ஊழியர், அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 18 வயது ஆகாத பிள்ளையின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. என் மகளுக்கு 17. என்னிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? 1909க்கு அனுப்பித் தொந்தரவு வேண்டாம் என்று பதிவும் செய்து பார்த்துவிட்டேன். இவர்கள் கம்பெனி நம்பரிலிருந்தா கூப்பிடுகிறார்கள்? உங்களையும் என்னையும் போலச் சாதாரணப் பத்து இலக்க நம்பர். ஒன்றை பிளாக் செய்தால் அடுத்ததில் வருவார்கள். மழை நேரத்து ஈசல் மாதிரி, அடைக்க அடைக்க வேறு பொந்தில் வருகிறது.

பேசுவதாவது ஒழுங்காகப் பேசுகிறார்களா? எல்லோருக்கும் ஒரே மனப்பாடம். "ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் இருக்கு சார், சைபர் செக்யூரிட்டி இருக்கு சார், நூறு பெர்சென்ட் ப்ளேஸ்மென்ட் சார்." பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருவில் இதே பாட்டை மெக்கானிக்கலுக்குப் பாடினார்கள். அப்போது சேர்ந்த பையன்களில் ஒருவன் இன்று பைக்கில் சாப்பாடு கொண்டு கொடுக்கிறான், ஒருவன் மாமனாரின் அரிசிக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். உழைத்துச் சாப்பிடுகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் அந்த நூறு பெர்சென்ட் எங்கே போனது?

தமிழ்நாட்டில் நானூறுக்கு மேல் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசாங்கம் கலந்தாய்வு நடத்துகிறது, 2018 முதல் வீட்டிலிருந்தே ஆன்லைனில் செய்யலாம். கட் ஆஃப் என்பது ராக்கெட் கணக்கா? கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைப் பாதியாக்கி 50, 50. மொத்தம் 200. என் மகள் கணிதத்தில் 91, இயற்பியலில் 88, வேதியியலில் 86. அப்படியென்றால் 91, 44, 43. ஆக 178. நான் மானாமதுரையில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் கணக்கு எழுதுகிறவன். இதைக் கூட்டிச் சொல்ல எனக்கு ஒரு ஏஜென்ட் வேண்டாம்.

இவர்களின் பெரிய ஆயுதம் "சீட் பிளாக்". இன்றைக்கே ஒரு அட்வான்ஸ் கட்டிவிட்டால் சீட்டைப் பிடித்து வைப்பார்களாம், நாளைக்கு என்றால் போய்விடுமாம். வருடா வருடம் காலி இடங்களோடு கிடக்கும் கல்லூரியில் சீட் எங்கே ஓடிப்போகிறது? போன வருடம் என் மச்சான் இதில் விழுந்தார். பணத்தோடு டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் ஒரிஜினலாகவே கொடுத்துவிட்டார். அப்புறம் கலந்தாய்வில் பையனுக்கு நல்ல இடம் கிடைத்தது. போய் ஒரிஜினலைக் கேட்டால், "முழு ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க." ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018லேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு மூன்று முறை நடந்து, கடைசியில் ஒரு வக்கீலைக் கூட்டிப்போன பிறகுதான் காகிதம் கைக்கு வந்தது. பணம் இன்னும் வரவில்லை. அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

இத்தனை பேர் கூப்பிடுகிறார்களே, "பாப்பாவுக்கு என்ன படிக்க ஆசை?" என்று ஒருவர் கேட்டார் என்கிறீர்களா? குரூப் கேட்டார்கள், கட் ஆஃப் கேட்டார்கள், கம்யூனிட்டி கேட்டார்கள், சொந்த வீடா வாடகை வீடா என்றுகூட ஒருவர் கேட்டார். ஆசையை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அவளுக்கு வரலாறு படிக்க வேண்டும். தொல்லியலுக்குப் போக வேண்டும்.

எனக்கும் முதலில் தூக்கிவாரித்தான் போட்டது, பொய் சொல்ல மாட்டேன். கணினி அறிவியல் குரூப்பில் படித்த பிள்ளை. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. எங்கள் ஊர் மண்பாண்ட ஊர். கடம் வாசிக்கிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ இங்கே வந்து தட்டிப் பார்த்து வாங்கிப் போவார்கள். சூளையை வேடிக்கை பார்த்து வளர்ந்தவள். திருப்புவனம் தாண்டினால் கீழடி. 2023இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்கள். ஒரு பானை ஓட்டில் 'ஆதன்' என்று பழைய தமிழ் எழுத்தான தமிழியில் கீறியிருந்ததாம். வந்து இரண்டு நாள் அதையே பேசினாள். "அப்பா, அவங்களும் நம்ம ஊர்ல எழுதுற மாதிரியே பானையில பேரு எழுதி வச்சிருக்காங்கப்பா." மார்க்குக்காகப் படித்த எந்தப் பாடத்தைப் பற்றியும் அவள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இதை வீட்டில் சொன்னதும் ஃபோன்காரர்களே தேவலை என்று ஆகிவிட்டது. பெரியப்பா, சித்தி, ஒன்றுவிட்ட மாமா எல்லோரும் கூடிவிட்டார்கள். "ஹிஸ்டரியா? கிறுக்கா பிடிச்சிருக்கு? 545 எடுத்துட்டு யாராவது ஹிஸ்டரி படிப்பாங்களா?" இதே ஒன்றுவிட்ட மாமா என்ன செய்தார் தெரியுமா? 2025 ஜனவரியில், தமிழ் மண்ணில் 5300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று முதலமைச்சர் அறிவித்தாரே, அன்று முழுக்க வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டார். மீசையை முறுக்குகிற படத்தோடு. அந்த இரும்பைச் சிவகளையில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது யார் மாமா? ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸா? பெருமைக்குத் தொல்லியல் வேண்டும், அதைத் தோண்ட நம் வீட்டுப் பிள்ளை மட்டும் போகக் கூடாது. வெயிலில் உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் தட்ட அடுத்த வீட்டுப் பிள்ளை போகட்டும், நாம் ஸ்டேட்டஸ் போடுவோம்.

வழி இல்லாமலும் இல்லை. அரசுக் கலைக் கல்லூரிகளில் பி.ஏ. வரலாறு இருக்கிறது. எம்.ஏ. முடித்தால், சென்னையில் தொல்லியல் துறையே நடத்தும் நிறுவனத்தில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். இதில் ஒரு வார்த்தையையாவது இந்தப் பதினான்கு பேரில் எவராவது சொன்னாரா? அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள், அதில் கமிஷன் இல்லையே.

போன வாரம் ஒருநாள் நான் கடையில் இருந்தபோது வீட்டு ஃபோனை மகளே எடுத்திருக்கிறாள். ஒரு பெண் குரல். வழக்கமான ஒப்பிப்பு முடிந்ததும் இவள் கேட்டிருக்கிறாள்: "அக்கா, நீங்க என்ன படிச்சீங்க?"

"பி.இ. ஈசிஇ மா."

"எந்த காலேஜ்?"

"இதே காலேஜ்தான்."

"கேம்பஸ்ல வேலை கிடைச்சுதா அக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம், "இதுதான் மா கிடைச்சது. ஒரு நாளைக்கு இத்தனை கால் பேசணும்னு கணக்கு இருக்கு, இல்லைன்னா திட்டுவாங்க. கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டதாம் அந்தப் பெண்.

இதை மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் ஃபோனில் நான் கத்தியதெல்லாம் இந்த மாதிரிப் பிள்ளைகளிடமா? இதுவும் ஒரு அப்பனின் மகள்தானே. நூறு பெர்சென்ட் ப்ளேஸ்மென்ட் என்று இவளின் அப்பனுக்கும் யாரோ ஃபோன் செய்திருப்பார்கள். படிக்க வைக்கிறேன் என்று காசு வாங்கி, படித்து முடித்த பிள்ளையையே ஹெட்போன் மாட்டி உட்கார வைத்து, அடுத்த வருடத்துப் பிள்ளையைப் பிடித்து வரச் சொல்கிறான் பாருங்கள், அவன் ஒருநாளும் எனக்கு ஃபோன் செய்ய மாட்டான். அவனுடைய நம்பர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பித்தோம். விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய், ஆக 50. அதை விடக் கடைக்காரரின் கூலி அதிகம். அவரும் சும்மா விடவில்லை. "ஹிஸ்டரியா போடுறீங்க? பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கே, மாத்திடவா?" மவுஸைக்கூட நகர்த்திவிட்டார். "அண்ணே, ஹிஸ்டரியே போடுங்க" என்று மகள் சொன்னாள், கொஞ்சம் அழுத்தமாகவே.

மொபைல் எண் என்ற கட்டம் வந்ததும் நான் உஷாரானேன். இதற்காகவே புதிதாக ஒரு சிம் வாங்கி வைத்திருந்தேன். எவருக்கும் கொடுக்காத நம்பர், என் மனைவிக்கே இன்னும் மனப்பாடம் இல்லை. அதைத்தான் சொன்னேன். கடைக்காரர் கட்டத்தில் தட்டினார். அப்புறம் மேசையில் கிடந்த நீள நோட்டு ஒன்றிலும், ஏதோ ஞாபகத்துக்கு என்று, எழுதிக்கொண்டார்.

மூன்று நாள் அந்த சிம் அமைதியாக இருந்தது. இன்று காலை ஒலித்தது.

"வணக்கம் சார், பாப்பா ஹிஸ்டரிக்கு அப்ளை பண்ணியிருக்காங்களாமே?"