இமை ஆபரேஷன் வெறும் தோல் வேலை இல்லை

"இமையில தொங்குற தோலை வெட்டித் தைக்கிறதுதானே, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது, எரிஞ்சா விளக்கெண்ணெய் விடுங்க"ன்னு எழுதியிருக்கீங்க ஆச்சி. தயவுசெஞ்சு மாத்திடுங்க.

இமை மூடித் திறக்கும்போதுதான் கண்ணீர் விழி முழுக்கப் பரவும். தோலைக் கூடுதலா எடுத்துட்டா இமை முழுசா மூடாது. கருவிழி காய்ஞ்சு புண்ணாகலாம். காரைக்குடியில இமை ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட எங்க அயித்தை மத்தியானம் வளவுல பாய் விரிச்சுத் தூங்கும்போது பார்த்தேன்: ரெண்டு இமைக்கும் நடுவுல வெள்ளைவிழி நூலளவு தெரிஞ்சது. எழுந்தா மணல் விழுந்த மாதிரி உறுத்தல். கண் டாக்டர் பகலுக்குச் சொட்டு மருந்தும் ராத்திரிக்குக் களிம்பும் கொடுத்த பிறகுதான் அடங்குச்சு. வீட்டு எண்ணெய் கிருமி நீக்கினது இல்ல, தையல் போட்ட கண்ணுல விடவே கூடாது.

கொஞ்ச நாள் வீக்கம், கன்னிப்போறது, லேசான வறட்சி சகஜம்தான். ஆனா கடுமையான வலியோட விழி பிதுங்கி, பார்வை மங்கினா, விழிக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சிருக்கலாம். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள்ள வரும். அபூர்வம்தான், ஆனா சில மணி நேரத்துல பார்வையே போயிடலாம். விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கண் வறட்சி, தைராய்டு இருக்கிறவங்க ஆபரேஷனுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும். அயித்தை சொல்லாம விட்டது அதைத்தான்.