ஹைட்டியை யாரு ஏழையாக்குனா?

ஹைட்டி பேரு நியூஸ்ல வந்தாலே ‘அமெரிக்கக் கண்டத்துலயே ரொம்ப ஏழை நாடு’ன்னு ஒரு வரி கூடவே ஒட்டிக்கிட்டு வந்துரும். பொய் இல்லதான். ஆனா யாரு அப்படி ஆக்குனான்னு அடுத்த வரி வரவே வராது பாருங்க, அங்கதான் எனக்குக் கடுப்பாகுது.

பிரான்ஸ் கையில இருந்தப்ப அந்த இடத்துக்குப் பேரு சான் டொமாங். சர்க்கரையும் காபியுமா காசு கொட்டுன காலனி. உழைச்சதெல்லாம் ஆப்பிரிக்காவுல இருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைங்களும் அவங்க புள்ளைங்களும், சுமார் 5 லட்சம் பேர். 1791 ஆகஸ்ட்ல அவங்க எந்திரிச்சாங்க, தோட்டம் தோட்டமா எரிஞ்சுது. அடிமையா பொறந்த துசேன் லூவர்ச்சூர் படை நடத்தி ஸ்பெயின்காரன், பிரிட்டிஷ்காரன்னு எல்லாரையும் சமாளிச்சாரு, கடைசில பிரெஞ்சுக்காரங்க பேசலாம் வான்னு கூப்பிட்டு அவரைப் பிடிச்சு பிரான்ஸ்ல ஒரு மலைக்கோட்டைல அடைச்சாங்க, 1803ல அங்கயே செத்தாரு. சரி முடிஞ்சுதுன்னு நெப்போலியன் ஆளுங்க நெனச்சாங்க. துசேனோட தளபதி தெஸ்ஸலின் விடல. அவங்க படைய மஞ்சக் காய்ச்சல் பாதி தின்னுச்சு, மீதிய இவங்க முடிச்சாங்க. 1804 ஜனவரி 1 சுதந்திரம். (நெப்போலியன் அனுப்பின போலந்து சிப்பாய்கள்ல கொஞ்சம் பேர் கட்சி மாறி ஹைட்டி பக்கமே நின்னாங்க, அவங்களுக்குக் குடியுரிமையும் கெடச்சுது. செம கதை அது.)

இதுக்கப்புறம்தான் அநியாயமே. 1825ல பிரான்ஸ் ராஜா 14 போர்க்கப்பல அனுப்பி, உங்கள தனி நாடுன்னு ஒத்துக்கணும்னா 15 கோடி பிராங்க் கட்டுன்னான். எதுக்கு? பழைய முதலாளிங்களுக்குப் போன சொத்துக்கு நஷ்டஈடாம், அந்தச் சொத்துல இந்த மனுஷங்களும் அடக்கம்! முதல் தவணை கட்டவே பாரிஸ் பேங்க்ல கடன் வாங்க வேண்டியதாப் போச்சு. 1838ல 9 கோடியாக் குறைச்சாங்க, ஆனா கடன் மேல கடன்னு இழுத்து கடைசிப் பாக்கி தீர 1947 ஆச்சு. நடுவுல 1914ல அமெரிக்க மரைன்ஸ் வந்து 5 லட்சம் டாலர் தங்கத்த ஹைட்டி பேங்க்ல இருந்து அள்ளிட்டுப் போனாங்க, அடுத்த வருஷம் நாட்டையே பிடிச்சுக்கிட்டு 19 வருஷம் உக்காந்தாங்க.

உள்ளூர் ஆளுங்க யோக்கியம்னு சொல்ல வரல. சர்வாதிகாரிங்க துவாலியே அப்பனும் மகனும் 29 வருஷம் ஆடுன ஆட்டம் கொஞ்சநஞ்சமில்ல. ஆனா ஸ்கூலு, ரோடு, ஆஸ்பத்திரின்னு கட்ட வேண்டிய காசு நூறு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுக்குப் போயிட்டே இருந்தா எந்த நாடு உருப்படும்?

2003ல அதிபர் அரிஸ்டீட் அந்தக் காசத் திருப்பிக் குடுன்னு பிரான்ஸ்கிட்ட நேராவே கேட்டாரு. 2004ல அவரு பதவியே போச்சு. 2025ல பிரான்ஸ் அதிபர் மக்ரோன் என்ன பண்ணாரு தெரியுமா, இத ஆராயறதுக்கு ஒரு கமிட்டி போட்டாரு. கமிட்டி போட்டா என்ன அர்த்தம்னு நமக்கு யாரும் சொல்லித் தரணுமா என்ன?