குகேஷின் 11வது ஆட்டம் டிங் தந்த பரிசு அல்ல

இந்தியாவின் குகேஷும் சீனாவின் டிங் லிரனும் மோதிய 2024 உலக சதுரங்க சாம்பியன்ஷிப் பற்றிப் பேச்சு வந்தாலே "டிங் லிரன் தப்பு செய்தார், குகேஷ் ஜெயித்தார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கடைசி ஆட்டத்துக்கு அது ஓரளவு பொருந்தும். 11வது ஆட்டத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டிசம்பர் 8, சிங்கப்பூர். தொடர்ந்து ஏழு டிரா முடிந்து 5-5 என்று நிற்கிறது. குகேஷுக்கு வெள்ளைக் காய்கள். 11வது நகர்வுக்கு மட்டும் சுமார் ஒரு மணி நேரம் யோசித்தார். முதல் 40 நகர்வுகளுக்கே மொத்தம் இரண்டு மணி நேரம்தான், இடையில் கூடுதல் விநாடிகளும் கிடையாது. டிங்கும் தொடக்கத்திலேயே நிறைய நேரத்தைச் செலவழித்திருந்தார்.

17வது நகர்வில் குகேஷ் தன் சிப்பாயை பி6க்குத் தள்ளினார் (எழுத்து நெடுவரிசையையும், எண் வெள்ளைப் பக்கத்திலிருந்து எத்தனையாவது கட்டம் என்பதையும் குறிக்கும்). காக்க ஆளில்லாத இடம். 22வது நகர்வில் டிங்கின் ராணி அதைப் பிடித்தது. ஆனால் அந்தச் சிப்பாய் போனதும் குகேஷின் யானைகளுக்கு பி வரிசை திறந்துவிட்டது. உடனே ஒரு யானை பி1க்கு வந்து, அங்கிருந்து பி5க்கு ஏறியது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிங் தன் வெள்ளைக்கட்ட பிஷப்பை (வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே நகரும் பிஷப்) 7வது நகர்விலேயே குதிரைக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். அதனால் ஜி2 பிஷப்பும் அதற்கு முன்னால் இ4ல் நின்ற ராணியும் நீண்ட மூலைக்கோட்டில் சி6, பி7 பக்கம் குறி வைத்து நிற்க, எதிர்த்து நிற்க டிங்கிடம் பிஷப் இல்லை. அவருடைய மற்ற பிஷப்போ எச்6ல், சண்டை நடக்கும் இடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது.

அப்புறம் வந்தது நான் மிகவும் ரசிக்கும் நகர்வு. 25வது நகர்வில் குதிரை ஏ1க்குப் போனது! மூலைக்குப் போகும் குதிரைக்கு மதிப்பில்லை என்றுதான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறோம். ஆனால் சி2ல் இருந்து பி3க்கு வர அந்த மூலைதான் வழி. பி3ல் இருந்து அடுத்த தாவலில் சி5. அந்தக் குதிரை மொத்தம் ஐந்தே முறைதான் நகர்ந்தது: ஏ3, சி2, ஏ1, பி3, சி5. அங்கே உட்கார்ந்ததும் டி7 யானையையும் பி7 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தாக்கியது. யானை விலக வேண்டியதாயிற்று. 28வது நகர்வில் குகேஷின் இரண்டாவது யானையும் பி வரிசைக்கு வந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் டிங்கின் ராணி சி8க்குப் போனது. குகேஷ் தன் ராணியாலேயே சி6 குதிரையைப் பிடித்தார். பி7 சிப்பாய் அந்த ராணியைத் திருப்பிப் பிடித்தால் பி8 யானை விழும், பின்னாலேயே டிங்கின் ராணியும் போகும். கணக்குப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு காய் அதிகம். டிங் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். மொத்தம் 29 நகர்வுகள்.

சி8 தவறுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பி7ஐக் காப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாமல், கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்க, ஒருவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது யார்? அடுத்த ஆட்டத்திலேயே டிங் அழகாக ஜெயித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்படிப்பட்ட வீரர் சும்மா தடுமாறிவிடவில்லை.

சந்தேகம் இருப்பவர்கள் 27வது நகர்வில் குதிரை சி5க்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, கறுப்புப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். கணினியைத் திறக்காமல் நான் இரண்டு மாலை உட்கார்ந்தேன். எனக்கு நிம்மதியான ஒரு நகர்வும் கிடைக்கவில்லை.